புளி பழுக்கும் மாதமும் டியூ கட்டும் கிழமையும்

ஜவ்வாது மலையில் மாசியும் பங்குனியும் புளிக்காலம். உலுக்கிய பழத்தைக் கட்டையால் தட்டி ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்தால் கூடுதல் விலை கிடைக்கும். அந்தக் கணக்கு அங்குள்ள பழங்குடிப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய வீட்டில் புளி கொட்டையோடேயே மலையிறங்கிவிடும். விலையைப் பேச வேண்டிய வாய், மரம் பூத்தபோதே அடைபட்டுவிட்டது.

இந்த முன்பணத்துக்கு மாற்றாகத்தான் குறுங்கடன் வந்தது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் பெண்கள் கையில் முதன்முதலாக ஒரு பாஸ்புக்கைக் கொடுத்தன. அது சிறிய மாற்றமல்ல. பின்னால் வந்த தனியார் நிறுவனங்களோ வாராவாரம் டியூ கேட்டன. காட்டு வருமானம் ஆண்டுக்குச் சில மாதங்கள்தான். டியூவுக்கு 52 வாரம். இடைப்பட்ட வாரங்களில் அந்தப் பெண் எங்கே போவாள்? இன்னொரு குழு லோனுக்கு. இல்லையென்றால் அதே வியாபாரியிடம். மேடையில் அவளுக்குத் தொழில்முனைவோர் என்று பெயர்!

மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழக அரசு 2025இல் சட்டம் கொண்டுவந்தது. வாசலில் நின்று கத்துபவரை அது தடுக்கலாம். டியூ வரும் கிழமையை மாற்றாது. அதை மாற்றப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளே, கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணை இடைவெளியை அமைக்க இடம் தருகின்றன. மலை ஒன்றியங்களில் புளி, தேன், சாமை விற்ற பிறகே தவணை என்று வங்கிகளும் நிறுவனங்களும் அறிவிக்க வேண்டும்.

பழங்குடிப் பெண்களுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் சாதிச் சான்றுக்கே ஆண்டுக்கணக்கில் அலைபவர்களுக்கு அது எட்டாக்கனி. சான்று வழங்குவதை வருவாய்த் துறை விரைவுபடுத்தாமல் திட்டத்தை விளம்பரப்படுத்திப் பயனில்லை.

தனித்தனியாகச் சில ஆயிரங்கள் கொடுப்பதைவிட, விளைச்சலை வாங்கி இருப்பு வைக்கக் குழுவுக்குக் கொள்முதல் மூலதனம் கொடுப்பதே முக்கியம். கோத்தகிரியில் பழங்குடியினரே பங்குதாரர்களாக நடத்தும் 'ஆதிமலை' உற்பத்தியாளர் நிறுவனம் தேனையும் காட்டுப் பொருட்களையும் அப்படித்தான் வாங்கிப் பக்குவப்படுத்தி விற்கிறது. சிறு வனப்பொருளைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அந்த உரிமைப் பட்டாவையே நம்பி வங்கி மேலாளர் குழுவுக்குக் கடன் தரலாம். மாநில வங்கியாளர் குழு இதற்கான பரிந்துரையை மரம் அடுத்துப் பூப்பதற்கு முன்பே வெளியிடட்டும். பூ பிடிக்கும்போதே வியாபாரி மலையேறிவிடுவார்.