சொட்டும் டீ கேனை எடைக்குப் போடும் முன்...



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போனால், வண்டியில் கட்டிய டீ கேன்களைப் பார்க்கலாம். காக்களூர் சிட்கோ எஸ்டேட்டிலும் அப்படித்தான். பழவேற்காட்டு மீன் வியாபாரிகளிடம் ஐஸ் பெட்டி. சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தலில் மோர் கேன். நம் வீட்டுப் பரணிலும் ஏதோ விசேஷத்துக்கு வாங்கிய ஒரு கூலர் கேன் இருக்கும், இல்லையா?

இவை எல்லாவற்றுக்கும் வரும் தொல்லை ஒன்றுதான்: குழாயடியில் சொட்டும்.

சொட்டுதானே என்று விட்டுவிட முடியுமா? ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நிமிடத்துக்கு 20 சொட்டு என்றால் 4 மணி நேரத்தில் 240 மில்லி. டீ விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது தினமும் மூன்று டீ காசு.

வெளியே சொட்டுவதாவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே போவதுதான் பெரிய கெடுதல். இந்தக் கேன்களுக்கு இரண்டு சுவர். நடுவில் சூட்டையும் குளிர்ச்சியையும் காக்கும் ஃபோம். குழாய்க்கான ஓட்டை இரண்டு சுவரையும் துளைத்துக்கொண்டு போகிறது. வெளிப்பக்கம் மட்டும் வாஷர் இருந்து, உள்பக்க நட்டுக்கு அடியில் இல்லாவிட்டால், டீயும் தண்ணீரும் மரை வழியாக நுழைந்து ஃபோமில் இறங்கிவிடும். ஈரமான ஃபோம் சூட்டைக் காக்காது. காலையில் ஊற்றிய டீ பத்து மணிக்கே ஆறிப்போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் இதே மாதிரி கூலரில் வால்வு பொருத்தி, முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுமார் 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊற வைக்கிறார்கள். அவர்களுக்கும் ஒழுகுவது இந்த இடத்தில்தான். நம் மாநிலத்தில் அந்தக் காய்ச்சும் வேலை 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அவர்களுடைய ரிப்பேர் முறை மட்டும் நமக்குப் போதும்.

குழாயைக் கழற்றுங்கள். பழைய வாஷர் கல் மாதிரி இறுகியிருக்கும். சாதாரண ரப்பர் சூட்டைத் தாங்காது. உணவுக்கு உகந்த சிலிக்கான் வாஷர் கேட்டு வாங்கி, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று போடுங்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள பிசிறைச் சுரண்டி, துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். நட்டைக் கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரில் கால் திருகு போதும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் பிளாஸ்டிக் சுவர் வளைந்து, வாஷர் பிதுங்கி, ஒழுகல் கூடத்தான் செய்யும். டெஃப்லான் டேப்பை நம்பியும் பயனில்லை. இங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர், மரை அல்ல.

பிறகு வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் சொட்டாத கேனும் சூட்டில் சொட்டலாம். பிளாஸ்டிக் இளகிக் கொடுப்பதால் அப்படி.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன். எபாக்ஸி பசையையோ கண்ணாடி ஒட்டும் சிலிக்கானையோ கேனுக்குள் பூசாதீர்கள். பூஞ்சை வராமலிருக்க மருந்து கலந்த பசைகளும் கடையில் இருக்கின்றன. பிள்ளைகள் குடிக்கும் மோரில் அது கலக்க வேண்டுமா?

ஃபோமில் தண்ணீர் மட்டும் இறங்கியிருந்தால், குழாயைக் கழற்றிவிட்டுக் கேனைச் சாய்த்து, நிழலில் சில நாள் காய வையுங்கள். பால் டீ இறங்கிப் புளித்த வாடை வந்துவிட்டதா? அந்தக் கேன் இனி உணவுக்கு ஆகாது. ஃபோமைக் கழுவ வழியில்லை.

மற்றபடி, சொட்டுகிற கேன் எல்லாம் எடைக்குப் போகிற கேன் அல்ல. இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் இருப்பதை இறக்கிப் பாருங்கள். உங்கள் ஊரில் நல்ல சிலிக்கான் வாஷர் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்