69க்கும் 70க்கும் இடையில்

கோபாலபுரத்தில் நம் இதழ் அலுவலகத்துக்கு வந்து சேரும் தனியாள் ஆய்வுகள் பலவற்றில் முடிவு ஒரே எண்ணாக நிற்கிறது: நுண்ணறிவு ஈவு 72, அல்லது 68, அல்லது 81. தேர்வின் பெயர் இருக்கும். எந்த மொழியில் நடத்தினார்கள், எந்த ஆண்டின் நார்ம்ஸை வைத்துக் கணக்கிட்டார்கள், பிழை எல்லை எவ்வளவு என்பவை இருப்பதில்லை. இவற்றை எழுதுகிறவர்கள் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் நம் வாசகர்கள்தாம். அதனால் இம்முறை அவர்களிடமே நேராகப் பேசுகிறேன்.

இத்தகைய எண்கள் தாளோடு நின்றுவிடுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இடஒதுக்கீட்டுக்கும் பல சலுகைகளுக்கும் 40 விழுக்காட்டுக் குறைபாட்டை எல்லையாக வைத்தது. 2018 ஜனவரியில் வந்த மதிப்பீட்டு நெறிமுறைகள் அறிவுசார் குறைபாட்டின் விழுக்காட்டை வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் மதிப்பெண்ணிலிருந்து வகுத்தன. 55 முதல் 69 வரை என்றால் 50 விழுக்காடு. 70 முதல் 84 வரை என்றால் 25. ஆக, 69 வாங்கிய பிள்ளை எல்லைக்கு உள்ளே, 70 வாங்கிய பிள்ளை வெளியே. அந்த ஒரு புள்ளியைத் தாங்கும் வலிமை நம் கருவிகளுக்கு இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திட்ட விலக்கம் 15, நம்பகத்தன்மைக் கெழு 0.91 உள்ள ஒரு தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல தேர்வுதான். அதன் அளவீட்டுத் திட்டப் பிழை 4.5. 95 விழுக்காட்டு உறுதி வேண்டுமானால் இருபுறமும் ஏறத்தாழ 9 புள்ளி விட வேண்டும். 72 என்று நாம் எழுதும்போது உண்மையில் சொல்லக்கூடியது 63க்கும் 81க்கும் இடையில் எங்கோ என்பதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஹால் எதிர் புளோரிடா வழக்கில் இதையே கையில் எடுத்தது. மரண தண்டனைக் கைதி ஒருவரின் மதிப்பெண் 70க்குச் சற்று மேலே இருந்ததால், வேறு சான்று எதையும் பார்க்க அம்மாநிலம் மறுத்தது. அளவீட்டுப் பிழையைப் புறக்கணித்து 70ஐ இறுகிய கோடாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றது நீதிமன்றம். நீதிபதிகள் ஏற்றுக்கொண்ட ஒன்றை உளவியலாளர்களான நாம் நம் அறிக்கையில் எழுதாமல் விடுவது நியாயமா?

அடுத்தது நார்ம்ஸின் வயது. நாக்பூரில் ஆர்தர் மாலின் வெக்ஸ்லர் குழந்தைகள் அளவுகோலைத் தழுவி அமைத்த மிசிக் 1969இல் வந்தது. வி. வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காகப் பினே அளவுகோலைத் தழுவியது 1934இல். இரண்டும் பெரும் உழைப்பு. அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண்கள் ஏறுகின்றன என்று ஜேம்ஸ் ஃபிளின் 1984இல் காட்டினார். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி. அதே வேகத்தை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. திசையை மட்டும் கவனியுங்கள். பழைய நார்ம்ஸ் இன்றைய பிள்ளையின் மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டும். உதவி தேவைப்படும் பிள்ளையை எல்லைக்கு மேலே தள்ளிவிடும். வைன்லேண்டும் இதற்கு விலக்கல்ல. எட்கர் டால் 1935இல் அமைத்த மூல அளவுகோலில் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது பத்து வயதை ஒட்டிய திறன். இன்றைய சென்னையில் மூன்று வயதுப் பிள்ளை பாட்டிக்கு வீடியோ கால் போடுகிறது.

நான் அதிகம் கவலைப்படுவது மொழியைப் பற்றி. தகவல், சொல்வளம், ஒப்புமை ஆகிய பகுதிகளை ஆளுக்கொரு விதமாக அப்போதைக்கப்போது தமிழாக்கிக் கேட்கிறோம். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் பகுதியிலாவது மொழிபெயர்ப்புச் சிக்கல் இல்லை என்று நினைப்போம். அங்கேயும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ‘செவன்’ தவிர எல்லாம் ஓரசை. நம் பேச்சில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என எட்டு வரை எல்லாமே ஈரசை, ஒம்பது மூன்றசை. வெல்ஷ் மொழியின் எண்ணுப்பெயர்களை உச்சரிக்க அதிக நேரம் பிடிப்பதால் அம்மொழியில் நினைவில் நிற்கும் எண்களின் நீளம் குறைகிறது என்று எல்லிஸும் ஹென்னலியும் 1980இல் காட்டினார்கள். தமிழில் சோதித்துவிட்டு ஆங்கில நார்ம்ஸில் மதிப்பெண் போட்டால், பிள்ளையின் நினைவாற்றலோடு மொழியின் நீளத்தையும் சேர்த்தே அளக்கிறோம். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: வீட்டில் தமிழே பேசினாலும் போன் நம்பரை ஆங்கிலத்தில் மட்டுமே சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். தொடங்கும் முன் அப்பாவின் நம்பரைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த மொழியில் வருகிறதோ அதில் கேளுங்கள், அதையும் குறித்து வையுங்கள்.

ஸ்பியர்மனிடம் பயின்ற எம். வி. கோபாலசாமி மைசூரில் உளவியல் துறையைத் தொடங்கியது 1924இல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் நம் துறையை வளர்த்ததற்கும் பல தலைமுறை ஆகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும், தமிழ் பேசும் பிள்ளைகளிடமே தரப்படுத்தப்பட்ட முழு அளவுகோல் ஒன்று நம் அன்றாடப் பணிக்குக் கையில் இல்லை. எனக்கு இது பெரும் வருத்தம். ஒரு தனி ஆளால் ஆகிற காரியமும் அல்ல. மாநகராட்சிப் பள்ளியிலிருந்து பெரிய தனியார் பள்ளி வரை, நகரத்திலிருந்து சிற்றூர் வரை பிள்ளைகளைச் சேர்த்துப் பல்கலைக்கழகங்களும் அரசும் கூடிச் செய்ய வேண்டியது.

அதுவரை நம் கையில் இருப்பது அறிக்கை. அடுத்த இதழிலிருந்து, தேர்வு நடந்த மொழி, நார்ம்ஸின் ஆண்டு, 95 விழுக்காட்டு எல்லை, தகவமைப்புத் திறன் பற்றிய தனிப் பத்தி ஆகிய நான்கும் இல்லாத தனியாள் ஆய்வுகளைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம். தமிழ் எண் நினைவுத் தரவு வைத்திருப்பவர்கள், எத்தனை சிறிய தொகுப்பானாலும், பிள்ளைகளின் பெயரை நீக்கி அனுப்புங்கள். எந்த வயது, எந்தப் பயிற்றுமொழி, எந்த மொழியில் எண்கள் சொல்லப்பட்டன என்ற விவரம் போதும். அவற்றைத் தொகுத்து வெளியிடப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

— ஆசிரியர்