டீக்கடையின் வரைபடம்

பழைய டீக்கடைகளைப் பத்தி இப்ப பெரிய ஏக்கம் கிளம்பியிருக்கு. ஓட்டுச் சாய்ப்பு, பித்தளைப் பாய்லர், நீளமான மரபெஞ்சு, வடை அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, கரிப்புகை படிஞ்ச சுவர். ‘அந்த அழகெல்லாம் போச்சே’ என்று எழுதுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியா ஸ்ரீவில்லிபுத்தூர் போற ரோட்டில் அப்படியொரு கடையைக் காப்பாத்தணும்னு மனு கொண்டுவந்தா நானும் கையெழுத்துப் போடுவேன். ஒரே நிபந்தனை: கட்டடத்தோடு அதன் வரைபடத்தையும் காப்பாத்தணும்.

எந்த இஞ்சினியரும் வரையாத வரைபடம் அது. உள்ளே பெஞ்சு, சாதி இந்துக்களுக்கு. வெளியே தரை, சேரிக்காரனுக்கு. உள்ளே கண்ணாடி கிளாஸ், கடைக்காரரே கழுவி வைப்பார். வெளியே சிரட்டை, இல்லைன்னா கூரையில் சொருகிய தனித் தம்ளர். குடிச்சவனே கழுவித் திரும்பச் சொருகணும். டீயை ஆத்தும்போது மாஸ்டர் கை உசரும். வெளியே நிக்கிறவன் தம்ளருக்கு ஊத்தும்போதும் அதே கை உசரும். முன்னது தொழில், பின்னது தீண்டாமை. காசு மட்டும் ஒரே கல்லாவில் விழும். ஊருக்கு ஊர் இதில் வித்தியாசம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் வாசப்படி வெறும் வாசப்படியாக இருந்ததில்லை, அது எல்லைக்கல்.

டீக்கடைதான் தமிழ்நாட்டு அரசியலின் பள்ளிக்கூடம் என்கிறார்கள். ஒருத்தர் பேப்பரை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு விவாதிச்சது உண்மைதான். நம்ம தாத்தாமார் அந்தப் பள்ளிக்கூடத்தில் வெளியே குத்தவச்சுக் காதால் படித்தவர்கள். சமத்துவம் பத்தின பேச்சு வெளியே வரை கேட்டது. பெஞ்சு மட்டும் வெளியே வரவில்லை.

1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் செய்தது. பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாசக்கணக்கில் நடந்த போராட்டம் அது. தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள்; கடைசியில் அந்தச் சொல் போனது. அந்த வெற்றியைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கிராமத்து டீக்கடைக்குப் பலகையே கிடையாது. அங்கே கல்லாவில் இருந்தவர் பெரும்பாலும் பிராமணரும் இல்லை. எழுதின சாதியை அழிக்க முடிந்தது. எழுதாத சாதி தம்ளராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சட்டம் இல்லாமலா? 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடைகளையும் ஓட்டல்களையும் பேர் சொல்லியே எல்லோருக்கும் திறந்துவிட்டது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி போய், ஓட்டலில் பொதுமக்களுக்கென வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. தம்ளர் வரைக்கும் சட்டம் வந்துவிட்டது. தம்ளர்தான் சட்டத்துக்கு வரவில்லை.

அமெரிக்காவிலும் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைகள் சரித்திரச் சின்னங்கள்தான். ரோட் ஐலண்டில் 1941இல் உருவான ‘மாடர்ன் டைனர்’ 1978இல் தேசியப் பதிவேட்டில் ஏறியது. இன்னொன்றையும் அவர்கள் காப்பாத்தியிருக்கிறார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகர உல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டுமேயான சாப்பாட்டுக் கவுண்டரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தும் எழவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். ஜூலையில் கடை பணிந்தது. அந்தக் கவுண்டரின் ஒரு பகுதி இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடைக் கட்டடமே 2010இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நாற்காலியின் அழகுக்காக அதை வைக்கவில்லை. யாரை உட்காரவிடவில்லை என்பதற்காக வைத்திருக்கிறார்கள். இனவெறி அத்தோடு ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் ‘அப்படியெல்லாம் நடக்கவே இல்லை’ என்று அங்கே யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

இங்கே சொல்கிறார்கள். பாங்க்கில் நான் உட்காருவதும் ஒரு கவுண்டரில்தான். டோக்கன் நம்பருக்குச் சாதி கிடையாது. வரிசையில் நிக்கிற பெரியவர் சர்வசாதாரணமாகச் சொல்வார்: ‘அதெல்லாம் அந்தக் காலம் தம்பி, நம்ம பக்கம் ஏது?’ சில ஊர்களில் பொதுத் தம்ளர் தரமுடியாமல், நமக்கு மட்டும் தூக்கி எறியும் கப்பில் டீ கொடுத்த கதையை எந்தக் காலத்தில் சேர்ப்பது?

ஆகவே கடையைப் புதுப்பிக்கிறவர்களே, பெஞ்சுக்கு வார்னிஷ் அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் அந்தத் தனித் தம்ளரையும் வையுங்கள். எந்த ஊர், எந்த வருசம், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று அட்டையில் எழுதுங்கள். அவர்கள் எழுதுவார்கள் என்று நாம் காத்திருக்கவும் வேண்டாம் தோழர்களே. உங்க வீட்டுத் தாத்தாவிடம், அப்பத்தாவிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அந்தக் கடையை ஒரு தாளில் வரையுங்கள். தம்ளர் தொங்கின இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.