அரசியலும் உளவியலும் ஒருசேரப் படிக்கலாமா?



எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்து, பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கினால், பிள்ளைகளின் பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைத் தேடிப் பெற்றோர்கள் வருவது பினாங்கில் இன்றும் தொடரும் நல்ல வழக்கம். வருகின்றவர்களில் பலர் மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் ஆகிய நான்கைப் பற்றித்தான் கேட்பார்கள். அண்மைக் காலமாக ஐந்தாவதாக ஒரு கேள்வியும் வருகிறது.

"ஐயா, மகள் அரசியலும் உளவியலும் சேர்த்து இரட்டைப் பட்டம் படிக்க வேண்டும் என்கிறாள். அரசியல் சாக்கடை, உளவியல் பைத்தியக்காரர்களுக்கான படிப்பு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன ஆவாள்?"

இந்தக் கேள்வியை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஒரு பெண்ணின் எதிர்காலமும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்வமும் உழைப்பும் உள்ள பிள்ளை இவ்விரு துறைகளையும் ஒருசேரப் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். நம் சமுதாயத்திற்கு இத்தகைய படிப்பாளிகள் மிகவும் தேவை. ஆனால், சில உண்மைகளைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு?

நம் பினாங்கின் வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். 1967 நவம்பர் 18இல் பிரிட்டன் தன் பவுண்டு நாணயத்தின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் மலேசியா தன் புதிய நாணயத்தை வெளியிட்டிருந்தது. பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்த பழைய நாணயமும் மக்கள் கையில் புழங்கிக் கொண்டிருந்தது. பவுண்டு சரிந்ததும், பழைய வெள்ளி ஒன்றின் மதிப்பு 85 காசாக இறங்கியது. உண்டியலிலும் தலையணைக்கு அடியிலும் பணம் சேர்த்து வைத்திருந்த ஏழை மக்கள் ஓரிரவில் இழப்பைச் சந்தித்தனர். அதனை எதிர்த்துத் தொழிலாளர் கட்சி நவம்பர் 24இல் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. அந்தக் கடையடைப்பு கலவரமாக மாறியது, இன மோதலாக வெடித்தது, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது.

இங்கே எழும் கேள்வி இதுதான்: நாணய மதிப்பின் மீது எழுந்த சினம், அடுத்த தெருக்காரன் மீது திரும்பியது எப்படி? மலாய்க்காரர், சீனர், இந்தியர் என அனைவரின் பழைய காசும் ஒரே அளவில்தானே மதிப்பிழந்தது?

இதில் முதல் பாதிக்கு அரசியல் அறிவியல் விடை சொல்லும். நாணயக் கொள்கையை வகுத்தவர் யார், கட்சிகள் எப்படிச் செயல்பட்டன, அரசு என்ன செய்தது என்பவை அதன் எல்லைக்குள் அடங்கும். இரண்டாம் பாதி மனித மனத்தைப் பற்றியது. அச்சம் எப்படிப் பரவுகிறது, வதந்தியை மனம் ஏன் நம்புகிறது, 'நாம்' என்றும் 'அவர்கள்' என்றும் மனிதன் ஏன் பிரிந்து நிற்கிறான் என்பவற்றை உளவியல்தான் ஆராய்கிறது. ஒன்றை மட்டும் படித்தவருக்கு இந்நிகழ்வின் பாதிதான் விளங்கும்.

இந்த 'நாம்', 'அவர்கள்' பற்றி ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, போர்க்கைதியாகி உயிர் பிழைத்தார். திரும்பி வந்தபோது அவர் குடும்பத்தார் கொல்லப்பட்டிருந்தனர். பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளி மாணவர்களைக் கொண்டு அவர் ஓர் ஆய்வு செய்தார். திரையில் தோன்றும் புள்ளிகளின் எண்ணிக்கையை மாணவர்கள் ஊகிக்க வேண்டும். பிறகு, "நீ கூட்டி ஊகித்தவர் குழு", "நீ குறைத்து ஊகித்தவர் குழு" என்று அவர்கள் பிரிக்கப்பட்டனர். உண்மையில் அந்தப் பிரிவு குலுக்கல் முறையில் செய்யப்பட்டதே. ஆயினும், பெயர் தெரியாத மற்ற மாணவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னபோது, தம் குழுவினருக்கே அவர்கள் சாதகமாகப் பங்கிட்டனர். தம் குழுவுக்கு வரும் தொகை குறைந்தாலும், எதிர்க்குழுவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதிலும் நாட்டம் காட்டினர். 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த இந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பொருளற்ற ஒரு பிரிவே இவ்வளவு செய்யுமானால், மொழியும் சமயமும் நிறமும் சேர்ந்த பிரிவு என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்!

நம் மண்ணில் இப்படிச் சிந்தித்தவர்கள்

இது மேலை நாட்டாருக்கு மட்டுமே உரிய படிப்பு என்று நினைக்க வேண்டா. சையத் ஹுசேன் அலத்தாஸ் நம் நாட்டின் பேரறிஞர். 1968இல் தோன்றிய கெராக்கான் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டே பினாங்கு மாநில ஆட்சியைப் பிடித்த கட்சி அது. சமூகவியலாளரான அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூல், 'சோம்பேறிப் பூர்வகுடி' என்னும் கட்டுக்கதையைப் பற்றியது. மலாய்க்காரரும் பிலிப்பினோக்களும் ஜாவானியரும் சோம்பேறிகள் என்று குடியேற்ற ஆட்சியாளர்கள் எழுதி வைத்தார்கள். ஏன் அப்படி எழுதினார்கள் என்று அவர் கேட்டார். மலாய்க்காரர்கள் தம் வயலிலும் கடலிலும் உழைத்தார்கள். தோட்டத்தில் கூலியாக உழைக்க மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு ஆள்வோர் இட்ட பெயர்தான் சோம்பல் என்று அவர் நிறுவினார்.

மலாய்க்காரர் மறுத்த அந்த வேலைக்குத்தான் நம் முன்னோர் கப்பலேற்றப்பட்டனர். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமிழர்கள் வந்துவிட்டனர். அவர்களுக்கும் ஒரு முத்திரை காத்திருந்தது: 'அடங்கிப் போகிறவர்கள்'. அடக்கம் தமிழனின் பிறவிக் குணம் என்று தோட்டத் துரைமார்கள் கருதினார்கள். கடனும் கங்காணியும் சேர்ந்து உண்டாக்கிய அடக்கம் அது என்பதை அவர்கள் பார்க்கவில்லை. ஒரு மக்களின் மனத்தைப் பற்றிச் சொல்லப்படும் சொல்லுக்குப் பின்னால் யாருடைய நலன் நிற்கிறது? இது அரசியலும் உளவியலும் ஒன்றாகச் சேர்ந்து கேட்கும் கேள்வி.

அடுத்தவர் சந்திரா முசாபர். 1970களில் இங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 1977இல் பினாங்கில் அலிரான் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1979இல் வெளிவந்த அவருடைய நூல், மலாய்ச் சமுதாயத்தில் தலைவனுக்கும் மக்களுக்கும் இடையே உள்ள விசுவாசத்தை ஆராய்ந்தது. தலைவன் தன்னைக் காப்பான் என்று நம்பும் மக்கள், அவனைக் கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள் என்பது அந்நூலின் மையம். அவர் மலாய்ச் சமுதாயத்தைப் பற்றித்தான் எழுதினார். ஆனால், "தலைவர் பார்த்துக்கொள்வார்" என்று நாமும் எத்தனை பத்தாண்டுகள் காத்திருந்தோம்? துரை, கங்காணி, தொழிற்சங்கத் தலைவர், கட்சித் தலைவர் என ஆள்தான் மாறினார். நம் காத்திருப்பு மாறவில்லை. நம்மைப் பற்றி இப்படி ஆராய்ந்து எழுத நம் பிள்ளைகள் வர வேண்டாமா?

வள்ளுவர் வைத்த இடம்

தமிழருக்கு இந்த இணைப்பு புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் 'அரசியல்' என்ற பெயரிலேயே 25 அதிகாரங்கள் கொண்ட இயல் உள்ளது. அதற்குள் ஆளைத் தேர்ந்து நம்புவது பற்றித் 'தெரிந்து தெளிதல்' உண்டு. குடிகள் அஞ்சும்படி ஆளாமை பற்றி 'வெருவந்த செய்யாமை' உண்டு. இன்னும் வியப்பானது, 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு குறளில் இரண்டு முறை வருவதுதான். காதலியின் மனத்தை அறிவதற்கு ஒன்று (110ஆம் அதிகாரம்). அமைச்சனாக இருப்பவன் பிறர் உள்ளக் கருத்தை முகத்தால் அறிவதற்கு இன்னொன்று (71ஆம் அதிகாரம்). மனத்தை அறியாதவன் ஆட்சிக்குத் துணையாக மாட்டான் என்பது வள்ளுவரின் துணிபு. பல்கலைக்கழகம் இன்று இரண்டு பட்டமாகத் தருவதை அவர் ஒரே பாலுக்குள் வைத்தார்.

பெற்றோர் அறிய வேண்டியவை

இனி, நடைமுறைக்கு வருவோம்.

1. இரட்டைப் பட்டம் வேறு. முதன்மைப் பாடம், துணைப்பாடம் என்று படிப்பது வேறு. இரட்டைப் பட்டத்தில் இரு துறைகளின் தேவைகளையும் நிறைவு செய்து இரண்டு பட்டங்கள் பெறுவர். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இது பரவலான முறை. காலமும் செலவும் கூடும். உள்நாட்டில் வாய்ப்பு அமையாவிட்டால், ஒன்றை முதன்மைப் பாடமாகவும் மற்றொன்றைத் துணைப்பாடமாகவும் எடுக்க இயலுமா என்று பல்கலைக்கழகத்தையே கேளுங்கள். கையில் பணம் இல்லை என்பதற்காகக் கனவை முழுதும் கைவிட வேண்டியதில்லை.

2. உளவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவுடன் ஒருவர் மனநலச் சிகிச்சை அளிப்பவர் ஆகிவிட மாட்டார். மருத்துவ உளவியலாளர் ஆக முதுகலைப் படிப்பு வேண்டும்; அத்துறை 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவுபெற்ற ஆலோசகர் ஆவதற்கு 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் தனித் தகுதி கேட்கிறது. இரட்டைப் பட்டத்தில் உளவியல் பாடங்களின் அளவு குறைந்தால், மேற்படிப்புக்கு இடம் கிடைக்காமல் போகலாம். சேரும் முன்பே இதனை எழுத்து வழி கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. இப்படிப்புக்கு 'இன்ன வேலை' என்று ஒற்றைப் பெயர் இல்லை. அரசாங்க நிருவாகத் துறை, இதழியல், மனிதவளம், கருத்தாய்வு, பொதுக்கொள்கை ஆய்வு, அரசு சாரா இயக்கங்கள் எனப் பல வாயில்கள் உண்டு. ஆனால் எந்த வாயிலும் தானாகத் திறக்காது. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் தெளிவாக எழுதும் திறனும் புள்ளியியல் அறிவும் வேண்டும். உளவியல் என்றால் கணக்கு இல்லை என்று நம்பிச் சேரும் பிள்ளைகள் முதலாண்டிலேயே திணறுவார்கள்.

"அரசியல் வம்பு வேண்டாம்"

பெற்றோரின் அடிமனத்தில் இருக்கும் உண்மையான அச்சம் இதுதான். அது வீண் அச்சம் என்று சொல்ல மாட்டேன். மேலே குறிப்பிட்ட சந்திரா முசாபரே 1987ஆம் ஆண்டின் ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் தடுத்து வைக்கப்பட்டவர். பல்கலைக்கழக மாணவர்கள் அரசியலில் ஈடுபடுவதைத் தடுத்த சட்டம் பல்லாண்டுகள் இருந்தது. பிள்ளையைப் படிக்க அனுப்பிய தாய் தந்தையர் அஞ்சியதில் வியப்பில்லை.

ஆனால், காலம் நகர்ந்திருக்கிறது. 2012இல் செய்த திருத்தத்தால் மாணவர்கள் கட்சியில் சேர வழி பிறந்தது. 2018 இறுதியில் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம் வளாகத்திற்குள் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையையும் நீக்கியது. வாக்களிக்கும் வயது 18 ஆனது. 2021 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் 18 வயதுப் பிள்ளைகள் வாக்களித்தார்கள். அரசியலைப் படிக்கவே கூடாது என்று நாம் பொத்தி வைக்கும் பிள்ளையின் கையில் அரசாங்கம் வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டது. கைப்பேசியில் வரும் காணொளிகள் அவள் அச்சத்தையும் சினத்தையும் நாள்தோறும் தூண்டுகின்றன. படிக்காவிட்டால் அரசியல் அவளை விட்டுவிடுமா?

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

ஆசிரியர் பயிற்சியில் நாம் பியாஜேயையும் வைகோட்ஸ்கியையும் படித்திருக்கிறோம். குழந்தையின் மனம் எப்படி வளர்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால், அந்தக் குழந்தையின் வீடு ஏன் தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்குப் பெயர்ந்தது, பள்ளியின் நிலம் யாருடையது, மானியம் எப்படி வருகிறது என்று கேட்டால் நம்மில் பலர் மௌனமாகிறோம். வகுப்பில் கை தூக்காத பிள்ளையைப் பார்த்துக் 'கூச்ச சுபாவம்' என்று எழுதிவிடுவது எளிது. துரைமார்கள் எழுதியதும் ஏறத்தாழ அதுவேதான். அந்தப் பிள்ளை ஏன் பேசவில்லை, பேசினால் அதற்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதுதான் ஆசிரியர் பணி.

ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறும் பிள்ளை, கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அன்று என்று தெரிந்துகொண்டு போனால் போதும். பின்னாளில் அது மருத்துவம் படிக்கட்டும். அரசியலும் உளவியலும் படிக்கட்டும். எதைப் படித்தாலும் நன்றாகவே படிக்கும்.

பெற்றோர்களே, மகள் இவ்விரண்டையும் படிக்கப் போகிறேன் என்றால், "என்ன வேலை கிடைக்கும்?" என்று கட்டாயம் கேளுங்கள். அதற்கு முன்னால், "எதை அறிந்துகொள்ள விரும்புகிறாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தெளிவான விடை வந்தால், துணிந்து கையொப்பம் இடுங்கள்.