பன்னிரண்டு கட்டங்கள்

வருஷப் பிறப்பன்று உங்கள் வீட்டில் பஞ்சாங்கம் படிக்கும் வழக்கம் உண்டா? மழை எத்தனை மரக்கால், எந்த ராசிக்கு ஆதாயம், எந்த ராசிக்கு விரயம் என்று பெரியவர்கள் படிக்க, நாமெல்லாம் பாயசத்தின் மீது கண்ணாக உட்கார்ந்திருப்போம். இந்தச் சித்திரையில் நான் கேட்ட பஞ்சாங்கம் சற்று வேறு விதமானது. அதைப் படித்தவர் என் சித்தி. அதைக் கேட்டுத் திடுக்கிட்டவர் என் சித்தப்பா.

சித்தப்பாவுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒன்பது மா நிலம். ஏக்கர் கணக்கில் சொன்னால் மூன்று. "நல்லேர் பூட்டுகிறோம், வந்துவிட்டுப் போ" என்று கூப்பிட்டிருந்தார். போனேன். ஏரும் இல்லை, மாடும் இல்லை. வாடகை டிராக்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, தேங்காய் உடைத்து, வயலை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள். காலத்துக்கேற்ற கோலம்!

அன்றிரவு திண்ணையில் சாய்ந்தபடி சித்தப்பா தமது வருஷத் திட்டத்தை அவிழ்த்தார். பக்கத்தில் ஆறு மா குத்தகைக்கு வருகிறதாம். அதையும் எடுத்து, மொத்தம் பதினைந்து மாவிலும் குறுவை, அறுத்த கையோடு தாளடி, தையில் உளுந்து. "முன்பணத்துக்குக் கவலையில்லை. பங்குனியில் எடுத்த உளுந்து விற்ற பணம் அப்படியே இருக்கிறது" என்றார். கேட்ட எனக்கே உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று தோன்றியது.

சித்தி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் போன வருஷத்துக் காலண்டர் அட்டையையும் ஒரு பென்சிலையும் எடுத்து வந்தார். அட்டையின் பின்புறத்தில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மேலே 'வரவு', கீழே 'செலவு'.

"எந்த மாதம் எது விளையும் என்று சொல்லிட்டீங்க. எந்த மாதம் பணம் வரும், எந்த மாதம் போகும்? அதையும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

வாசகர்களே, மாதச் சம்பளக்காரர்களான நமக்கு இந்தக் கேள்வியின் கூர்மை எளிதில் விளங்காது. நமக்கு வரவு முதல் தேதி. செலவு மற்ற தேதிகள். குடியானவர் வீட்டிலோ ஆவணியில் சம்பா நாற்று விட்டால், நடவு, களை, உரம், மருந்து என்று ஐந்து மாதம் பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். தையில் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து எடை போட்ட பிறகுதான் வரவு. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் லாபமாகவே இருக்கலாம். ஆனால் நடுவே ஆனி மாதம் வருகிறதே!

ஆனிக் கட்டத்தில் சித்தி எழுதியது ஒரே வார்த்தை: 'கல்லூரி'. பெண்ணுக்கு இது இரண்டாம் வருஷம். போன ஆனியில் சம்பளம் கட்டக் கையில் பணமில்லாமல் வளையல்கள் பாங்கிக்குப் போயின. தையில் வந்த பணம் சங்கத்துப் பயிர்க் கடனுக்கும் உரக்கடைப் பாக்கிக்கும் சரியாகப் போயிற்று. சங்கத்துக் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லை, அதைத் தவறவிடலாமா? ஆகவே வளையல்கள் பாங்கியிலேயே தங்கிவிட்டன. சித்தியின் கையில் கண்ணாடி வளையல்கள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"உளுந்துப் பணம் குத்தகைக்குப் போனால் ஆனிக்கு என்ன செய்யறது? இன்னும் மிச்சம் இருக்கிறது தாலிக்கொடிதான்" என்றார் சித்தி. சாதாரணமாகத்தான் சொன்னார். சித்தப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பிறகு இருவருமாக உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினார்கள். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் குறுவை. மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. பாசனத்துக்கு ஜூன் 12-ல் தண்ணீர் விடுவது வழக்கம். டெல்டாக்காரர்களுக்கு அது தீபாவளி மாதிரி ஒரு தேதி. ஆனால் தீபாவளி தவறாமல் வரும், இது அப்படியல்ல. 2024-ல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். கடைமடையான இவர்கள் வாய்க்காலுக்கு வந்து சேர அதற்கு மேலும் நாளாகும். ஆகையால் குறுவை மூன்று மாவில் மட்டும். குளத்துத் தண்ணீரைக் கொண்டு எட்டு சென்டில் நாற்று விடுவது. ஆனி இருபதுக்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நடவு, வராவிட்டால் அத்தோடு நிறுத்திவிடுவது. போனால் இருபத்துநாலு கிலோ விதையும் நாற்றங்கால் செலவும் போகும். விளைந்தால் புரட்டாசியில் வரும் பணம் சம்பாவின் களைக்கும் உரத்துக்கும் கைகொடுக்கும்.

மற்ற ஆறு மாவில் சம்பா. விதை நெல் குதிரில் இருக்கிறது. நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்து, எண்பதாவது முளைத்தால்தான் விதை. இல்லாவிட்டால் அது அரிசி. அந்தச் சோதனையை ஆடியிலேயே செய்துவிட வேண்டும் என்று எழுதினார் சித்தி. ஆவணியில் தெரிந்தால், கடையில் கிடைத்ததை வாங்கும்படி ஆகிவிடும் அல்லவா?

ஐப்பசிக் கட்டத்தில் 'காப்பீடு'. 2016 முதல் நடக்கும் பிரதம மந்திரி திட்டத்தில் சம்பாவுக்குக் காப்புத் தொகையில் ஒன்றரை சதவிகிதம் கட்டினால் போதும். நவம்பர் நடுவில் வழக்கமாகக் கெடு முடிந்துவிடும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்த இரவை நேரில் பார்த்தவர்கள் இவர்கள். கொல்லையில் அன்று விழுந்த தென்னைகளின் அடிக்கட்டைகள் இன்னும் இருக்கின்றன. இந்த ஒரு செலவைப் பற்றி இருவருக்கும் அபிப்பிராய பேதமே எழவில்லை.

தையில் அறுப்புக்குப் பத்து நாள் முன்னதாகவே, நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளிப்பது. பனியையும் மண்ணின் ஈரத்தையும் கொண்டே எழுபது, எழுபத்தைந்து நாளில் அது விளைந்துவிடும். ஆனால் அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளையை நசுக்கிவிடுகிறது. ஆகவே இரண்டு மாவில் மட்டும் ஆளை விட்டு அறுப்பது என்று முடிவாயிற்று.

பால் மாட்டு வரவை எல்லாக் கட்டத்திலும் சிறியதாகப் போட்டார் சித்தி. 2019 முதல் மத்திய சர்க்கார் நாலு மாதத்துக்கொரு முறை தரும் 2,000 ரூபாயை மட்டும் எங்கும் போடவில்லை. "வந்தால் வரட்டும். வராததை நம்பி ஏன் செலவை எழுதணும்?"

எல்லாம் முடிந்தபோது மணி பதினொன்று. குத்தகை என்ற வார்த்தை எந்தக் கட்டத்திலும் இல்லை. சித்தியும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, சித்தப்பாவும் சொல்லவில்லை.

"எல்லாவற்றையும் பென்சிலில் எழுதியிருக்கிறீர்களே, சித்தி?" என்று கேட்டேன்.

"மேட்டூரில் தண்ணீர் ஏறட்டும் தம்பி, பேனாவால் எழுதிக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அட்டை கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தை மாதக் கட்டத்தின் செலவில், எல்லாவற்றுக்கும் முதலாக, சித்தப்பாவின் கோணல் எழுத்தில் ஒரு வார்த்தை புதிதாக முளைத்திருந்தது: 'வளையல்'. அது மட்டும் பேனாவால் எழுதியிருந்தது.