வாலில் ஒரு பச்சை நாடா



அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கடலோரத்தில், கால்வே மாவட்டத்தில், கிளிஃப்டன் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்ட் மாதத்திலும் அவ்வூர் மனிதராலும் குதிரைகளாலும் நிறைந்துபோகும். கனிமாரா என்னும் மட்டக்குதிரை இனத்தின் கண்காட்சி அங்கே நடைபெறுவதே அதற்குக் காரணம். அவ்வினத்தைப் பேணும் சங்கம் 1923இல் தோன்றியது. மறு ஆண்டில், ரவுண்ட்ஸ்டோன் என்னும் கிராமத்தில் முதல் கண்காட்சி நடந்தது. 1947 முதல் கிளிஃப்டன் அதன் நிலையான இடமாயிற்று. தோள்மட்டத்தில் 128 முதல் 148 சென்டிமீட்டர் வரை மட்டுமே உயரமுள்ள இக்குதிரைகள், கற்சுவர் சூழ்ந்த சிறு வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் மேய்ந்து வளர்ந்த இனத்தைச் சேர்ந்தவை.

இந்த மாதம் உங்களை அங்கே அழைத்துச் சென்று, ஒரு சேணத்தின்மேல் அமர்த்திப் பார்க்க விரும்புகிறேன். உங்களைச் சுமந்து நிற்பது நான்கு வயதுக் குதிரை. முதுகில் ஆளைச் சுமக்கப் பழகி ஓராண்டுகூட ஆகவில்லை. அதன் முதுகெலும்பின் வளர்ச்சி முற்றுப்பெற இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். கிராமத்துச் சிறு போட்டிகளில் ஒன்றிரண்டை அது பார்த்திருக்கிறது. பெரிய கண்காட்சிக்கு வருவது இதுவே முதல் முறை. வேலிக்கு அப்பால் உங்கள் குடும்பத்தார் நிற்கிறார்கள். செலவழித்த பணமும் காத்திருந்த மாதங்களும் உங்கள் நினைவில் நிற்கின்றன. நீங்கள் என்ன செய்வீர்கள்?

குதிரை காணும் உலகம்

முதலாவது, அந்தச் சிறிய ஜீவனின் நிலையை அறிந்துகொள்ளுங்கள். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. ஆகவே தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை அளவுக்கு அதனால் காண முடியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள சிறு பகுதிகள் மாத்திரமே அதற்கு மறைவானவை. காதுகளோ ஒன்றைவிட்டு ஒன்று தனித்தனியே திரும்பி, எத்திசை ஓசையையும் பிடித்துக்கொள்ளும். பயங்கரமான ஒன்றைக் கண்டால் முதலில் ஓடிவிட வேண்டும், அது என்னவென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே, இரையாகும் விலங்காகிய அதற்கு இயற்கை கற்பித்த பாடம்.

இப்பொழுது எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை அது கேட்டவை காற்றின் ஓசையும் ஆடுகளின் சத்தமும். இன்றோ ஒலிபெருக்கி கரகரக்கிறது, கொடிகள் படபடக்கின்றன, கைவண்டியில் குழந்தை அழுகிறது, கூட்டம் கைதட்டுகிறது. திடீரென்று மழை வருகிறது. நூறு குடைகள் விரிகின்றன! அந்நேரத்தில் குதிரை நடுங்கினால் அதைப் பிடிவாதம் என்று சொல்லலாமா? அது பயம் அல்லவா?

ஆயத்தம் வீட்டிலேயே தொடங்கும்

அனுபவமுள்ளவர்கள் கண்காட்சி நாளன்று பயிற்சியைத் தொடங்குவதில்லை. பல வாரங்களுக்கு முன்னரே வீட்டு முற்றத்தில் குடையை மெதுவாய் விரித்துக் காட்டுவார்கள். கொடித்துணியைத் தரையில் விரித்து அதன்மேல் நடத்திப் பழக்குவார்கள். வண்டியின் சாய்தளப் பலகையில் தானாக ஏறி இறங்கக் கற்பிப்பார்கள். பின்பு சிறிய கண்காட்சி ஒன்றிற்கு அழைத்துச் சென்று, போட்டியில் சேர்க்காமல், சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புவார்கள். கூடவே அமைதியான முதிய குதிரை ஒன்றையும் கொண்டுபோவது உண்டு. மந்தையாய் வாழும் விலங்கு அல்லவா! பக்கத்தில் நிற்பது கலங்காமல் நின்றால், இதுவும் அமைதியடையும்.

அந்த நாளில் செய்யவேண்டியவையும் எளியவையே. விடியற்காலையில் போய்ச் சேருங்கள். சில குதிரைகள் அந்நிய ஊரின் தண்ணீரைக் குடிக்க மறுக்கும். ஆகையால் வீட்டிலிருந்தே தண்ணீரைக் கொண்டுசெல்லுங்கள். வைக்கோல் வலையை அருகில் கட்டுங்கள். உடனே சேணம் பூட்டாதிருங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து, அது நிற்கும் இடத்தில் நீங்களும் நின்று, பார்க்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பச்சை நாடாவின் பொருள்

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குதிரைச் சவாரி செய்வோரிடையே நல்லதொரு வழக்கம் இருக்கிறது. உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டுவார்கள். இளங்குதிரையின் வாலில் பச்சை நாடா கட்டுவார்கள். போட்டிக்கு முன் எல்லாரும் கலந்து சவாரி செய்து ஆயத்தப்படும் திடலில், பின்னால் வருகிறவர் அந்தப் பச்சையைக் கண்டதும் விலகிச் செல்வார். "இது இப்பொழுதுதான் கற்றுக்கொள்கிறது, கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்று அந்த நாடா எல்லாரையும் வேண்டிக்கொள்கிறது. எவரும் கடிந்துகொள்வதில்லை, தாங்களும் தங்கள் குதிரைகளும் ஒரு காலத்தில் அப்படியிருந்ததை அவர்கள் அறிவார்கள்.

திறக்கப்படாத குடை

ஆனால் குதிரையைக் கலங்கப்பண்ணுவது வெளியிலிருந்து வரும் ஓசை மாத்திரமன்று. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிலரைக் குதிரையின்மேல் ஏறியும், வேறு சிலரைக் குதிரையைக் கையில் பிடித்தும் ஒரே பாதையில் பலமுறை செல்லச் செய்தார்கள். கடைசி முறை புறப்படுமுன், "நீங்கள் கடந்து செல்லும்போது ஒரு குடை விரிக்கப்படும்" என்று அந்த மனிதரிடம் சொன்னார்கள். உண்மையிலோ குடை விரிக்கப்படவேயில்லை! ஆயினும் மனிதரின் இருதயத்துடிப்பு உயர்ந்தது. குடையைப் பற்றி எதுவுமே அறியாத குதிரையின் இருதயத்துடிப்பும் அதனோடுகூட உயர்ந்தது.

இதைச் சற்றே சிந்தியுங்கள். இது பெரிய கண்காட்சி என்பது குதிரைக்குத் தெரியாது. அந்தச் செய்தியை அதற்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம்முடைய இறுகிய கை, அடக்கிய மூச்சு, விறைத்த தொடை. ஆகவே சேணத்தில் அமர்ந்தவர் செய்யவேண்டிய முதல் வேலை, தன் மூச்சை நிதானமாய் வெளியே விடுவது. இரண்டாவது, குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டிராமல் போகவேண்டிய இடத்தைப் பார்ப்பது. மூன்றாவது, கடிவாள வாரைத் தளர்வாய்ப் பிடித்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பது.

நடுவர் முன்னிலையில்

உங்கள் முறை வந்துவிட்டது. குதிரைகள் அனைத்தும் வட்டமாய்ச் செல்கின்றன. முதலில் நடை, பின்பு துள்ளுநடை, அதன்பின் ஓட்டம். நடுவரின் கூடாரத்தருகே பூந்தொட்டிகள் வரிசையாய் வைக்கப்பட்டுள்ளன. உங்கள் குதிரை அவற்றைக் கண்டு சடுதியாய் நின்றுவிட்டது. தலை உயர்ந்தது, உடல் நடுங்குகிறது, மற்றக் குதிரைகள் கடந்துபோகின்றன. எல்லாக் கண்களும் உங்கள்மேல்!

உங்களுக்கு முன்பாக இரண்டு வழிகள் உள்ளன. சவுக்கை ஓங்கலாம். குதிரை ஒருவேளை பாய்ந்து கடந்துவிடும். முதற்பரிசுக்குரிய சிவப்பு நாடாவும் கிடைத்துவிடலாம். ஆனால் தான் பயந்த இடத்தில் அடியும் விழும் என்பதை அது அன்று கற்றுக்கொள்ளும். அடுத்த முறை பூந்தொட்டியைக் கண்டு ஒருமுறை அஞ்சும். உங்களை நினைத்து மறுமுறை அஞ்சும்.

மற்ற வழியில் வெட்கம் உண்டு. சற்று நேரம் அதைப் பார்க்கவிட்டு, கழுத்தைத் தடவிக்கொடுத்து, பூந்தொட்டிக்கு எதிர்ப்பக்கமாய் அதன் தலையை இலேசாகத் திருப்பி, காலால் மெல்ல அழுத்தி முன்னே நடத்துவீர்கள். அதற்குள் நடுவரின் பார்வை உங்களைக் கடந்துபோயிருக்கும். நடுக்கம் தணியவேயில்லை என்றால், நடுவரிடம் அனுமதி கேட்டு மைதானத்தைவிட்டு வெளியேறவும் வேண்டியிருக்கும். வெறுங்கையாய்த் திரும்புவீர்கள். ஆனால் அடுத்த வாரம் வண்டியின் பலகையை இறக்கும்போது, அந்தக் குதிரை தயங்காமல் தானே ஏறி நிற்குமானால், முதல் கண்காட்சியில் நீங்கள் பெற்றுவந்த பரிசு அதுவே.

ஸ்ட்ரோலரின் பதினெட்டு வயது

பொறுமையாய் நடத்தினால் சிறிய குதிரை எங்கே போய்ச் சேரும் என்று கேட்பீர்களானால், ஸ்ட்ரோலரை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் கனிமாரா இனம். தந்தை பந்தயக் குதிரை இனம். உயரம் ஏறக்குறைய 145 சென்டிமீட்டர். மாரியன் கோக்ஸ் என்ற ஆங்கிலேயச் சிறுமி அதன்மேல் சிறுவர் போட்டிகளில் சவாரி செய்தாள். மட்டக்குதிரைப் போட்டிகளுக்குரிய வயதைக் கடந்தபோது அதை விற்றுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அவளோ விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் பெரிய குதிரைகளின் நடுவிலே போய் நின்றார்கள். 1967இல் ஹிக்ஸ்டெட் மைதானத்தின் கடினமான டெர்பி போட்டியை வென்றார்கள். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில், தடைதாண்டும் தனிநபர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். அப்பொழுது ஸ்ட்ரோலருக்கு வயது பதினெட்டு! நான்கு வயதில் பயந்துபோன குதிரை அந்த உயரத்திற்கு வந்திருக்குமா?

அன்பான வாசகரே, நம்மில் எவரும் கிளிஃப்டன் மைதானத்தில் சவாரி செய்யப்போவதில்லை. ஆயினும் ஊரைவிட்டு வந்து, பெருநகர ரயில் நிலையத்தில் முதன்முதலாய் இறங்கிய காலைப்பொழுது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மொழி தெரியாத வகுப்பறைக்குள் நம் பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலில் நின்றதும் நினைவிருக்கும். அன்று பிள்ளை நம் முகத்தைத் திரும்பிப் பார்த்ததே! அந்த முகத்தில் எதைக் கண்டது?

மனிதருக்குப் பச்சை நாடா கட்டும் வழக்கம் இல்லை. புதிதாய் வேலையில் சேர்ந்தவர், முதல் தேர்வு எழுதும் மகள், நேற்று பக்கத்து வீட்டில் குடிவந்த குடும்பம் ஆகிய எவரிடமும் அந்த அடையாளம் வெளியே தெரியாது. நாம்தான் கண்டுகொள்ளவேண்டும். கண்டுகொண்டால், அவர்களை நெருக்காமல் ஒரு குதிரையின் நீளமளவாவது இடம் விடுவோமா?