மூட்டைக்கு யார் கணக்குச் சொல்வது?

முளைகட்டி உலர்த்திய 25 கிலோ வாற்கோதுமை மூட்டை ஒன்று, மும்பையில் எந்த வீட்டில் இறங்குகிறதோ அதற்கேற்பத் தன் பெயரை மாற்றிக்கொள்கிறது. செம்பூர் அடுக்ககம் ஒன்றின் ஆறாம் மாடியில் இறங்கினால் அது பொழுதுபோக்குக்கான பொருள். அங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, தாராவியில் இரும்பு ஏணி வைத்து ஏறும் பத்துக்குப் பத்து அறையில் இறங்கினால் அது தடயப்பொருள். தானியம் ஒன்றே, சட்டமும் ஒன்றே. மாறுவது முகவரி மட்டும். வீட்டில் பீர் தயாரிப்பதைப் பற்றி இப்போது ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆர்வமிக்க கட்டுரைகள் எதிலும் இந்த முகவரிப் பிரச்சினை பேசப்படுவதில்லை. மதுவிலக்கை ஆதரித்து எழுதுவோரும் இதைப் பேசுவதில்லை.

முதலில் சட்டம். 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், இன்று மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது. அதன் 12ஆம் பிரிவு மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. 13ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்று, மது தயாரிப்பதற்கான மூலப்பொருளையும் பாத்திரத்தையும் கருவியையும் வைத்திருப்பதையே தடை செய்கிறது. 103ஆம் பிரிவு இவற்றுக்கு மகுடம் வைக்கிறது. மது தயாரிக்க வழக்கமாகப் பயன்படும் பொருள் ஒருவரிடம் இருந்து, அது ஏன் இருக்கிறது என்று அவரால் திருப்தியாகக் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், அவர் குற்றம் செய்தவர் என்றே அனுமானிக்கப்படும். குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்கும் சுமை மூட்டைக்காரர் தலையில் ஏறுகிறது.

‘திருப்தியாக’ என்ற சொல்லில்தான் சாதியும் வர்க்கமும் குடியிருக்கின்றன. யாருக்குத் திருப்தி? எந்த மொழியில், எந்த உடையில் சொல்லப்படும் கணக்கு திருப்தி தரும்?

இதை விளங்கிக்கொள்ளக் கேழ்வரகு போதும். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைப்பது தமிழ் வீடுகளில் குழந்தை உணவுக்கான அன்றாட வேலை. மாதுங்காவின் தமிழ்க் கடைகளிலும் அந்த மாவு கிடைக்கும். வேதியியல் நோக்கில் அதற்குப் பெயர் மால்ட். முளைவிடும் தானியத்தில் சுரக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. குழந்தையின் கஞ்சியில் இனிப்பைத் தருவதும் பீருக்கு அடிப்படையாவதும் அதே சர்க்கரைதான். ஈஸ்ட் சேரும்வரை இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே மூட்டையைப் பார்த்து எந்த அதிகாரியாலும் குற்றத்தைக் காண இயலாது. ஆளைப் பார்த்து நோக்கத்தை ஊகிக்க மட்டுமே இயலும். அந்த ஊகம் செம்பூரிலும் தாராவியிலும் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்புவதற்கு இந்நகரத்தின் வரலாறு எவ்விதக் காரணத்தையும் தரவில்லை.

அந்த மூட்டைக்கு உண்மையில் என்ன தேவை என்பதையும் பார்க்க வேண்டும். 20 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ மால்ட் வேண்டும். ஒரு மூட்டையில் ஐந்து ஈடு தேறும். சில்லறையாக வாங்குவதைவிட மூட்டையாக வாங்குவது மலிவு என்பதால் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதே இயல்பு. நல்ல மால்ட்டில் ஈரப்பதம் 4 அல்லது 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் திறந்து வைத்த தானியம் சில நாள்களில் அந்த அளவைத் தாண்டி நமுத்துவிடும். நமுத்ததில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையின் நஞ்சுகளில் சில கொதிக்கவைத்தாலும் அழியாது. எனவே மூட்டை வந்தவுடன் காற்றுப் புகாத டிரம்களுக்கு மாற்ற வேண்டும். முழு மணியாகவே சேமித்து, காய்ச்சும் நாளில் மட்டுமே உடைக்க வேண்டும். முழு மணி நன்கு மூடிவைத்தால் ஓராண்டு தாங்கும். உடைத்தது சில வாரங்களில் மணம் இழக்கும். ரேஷன் அரிசிக்குப் பக்கத்தில் வைத்தால் அரிசியின் கூன்வண்டு தானியத்துக்குத் தாவும், தானியத்தில் இருப்பது அரிசிக்கு வரும்.

குதிரும் குலுக்கையும் பத்தாயமும் வைத்திருந்த ஒரு சமூகத்துக்கு இவை புதிய பாடங்கள் அல்ல. ஆனால் இப்பாடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு: வெளிச்சம். பக்கத்து வீட்டாரிடம் கேட்க முடிய வேண்டும். கெட்டுப்போனதைத் தயங்காமல் வெளியே கொட்ட முடிய வேண்டும். பங்குப் பணத்தைக் கணக்கெழுதி வாங்க முடிய வேண்டும். மூலப்பொருளையே குற்றமாக்கும் சட்டம் இவை அனைத்தையும் இருட்டுக்குத் தள்ளுகிறது. பூஞ்சை பிடித்த தானியத்தைக் கொட்டுவதே தடயத்தை வெளியிடுவதாகிறது. நான்கு பேர் பங்கிட்டு வாங்குவது விற்பனை என்ற சந்தேகத்துக்கு ஆளாகிறது. இடமும் குளிர்பெட்டியும் கதவும் உள்ளவர்கள் இந்த இருட்டைச் சமாளித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் தானியத்தையே விட்டுவிடுகிறார்கள்.

தாராவியின் வரலாறு இந்த இடத்தில்தான் சரியாக வாசிக்கப்பட வேண்டும். மதுவிலக்குக் கால பம்பாயில் தாராவி கள்ளச்சாராயத்துக்குப் பேர்போனது. அங்கு ஊறியவை கெட்டுப்போன வெல்லமும் நவச்சாரமும். ஏன் தானியம் இல்லை? தானியத்தை முளைகட்ட இடம் வேண்டும், சேமிக்க உலர்ந்த மூலை வேண்டும், சூட்டைச் சீராக வைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கப் பொறுமை வேண்டும். வெல்லத்துக்கு இவை எதுவும் தேவையில்லை, கரைத்தால் போதும். மேலும், 5 விழுக்காடு வலிமையுள்ள 20 லிட்டர் பீரில் இருக்கும் மதுசாரம் முழுவதும், 40 விழுக்காடு வலிமையுள்ள இரண்டரை லிட்டர் சாராயத்தில் அடங்கிவிடும். மிதிவண்டி டியூபில் நிரப்பி எடுத்துச் செல்ல எது வசதி? பிடிபட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் என்னும்போது, எளிதில் மறைக்கத்தக்கதையே மனிதர்கள் தயாரிப்பார்கள். மென்மையான பானத்திலிருந்து கடுமையான பானத்துக்கு ஒரு சேரியைத் தள்ளியதில் சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதே சட்டம் பிறகு அச்சேரியையே கடும்போதையின் பிறப்பிடம் என்று அடையாளம் காட்டியது. தமிழ்த் திரைப்படம் அந்த அடையாளத்தின் மேல் ஒரு நாயகனை நிற்கவைத்தது. வரதராஜ முதலியாரைப் பற்றிய கதைகளில் சரக்கு எங்கிருந்து புறப்பட்டு யார் கைக்குப் போனது என்பது உண்டு. ஏன் அந்தச் சரக்கு, ஏன் வேறொன்று இல்லை என்ற கேள்வி மட்டும் இல்லை.

வீட்டில் தானியத்தைப் புளிக்கவைப்பது மேற்கத்திய மோகம் என்ற வாதமும் நிற்காது. பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடத்தில், அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவைத்து, அடை சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடும் முறையைச் செய்முறைக் குறிப்புப்போலவே வரிசைப்படுத்துகிறது. வீட்டில் சமைத்த மதுவுக்குத் தோப்பி என்ற பெயரையும் அதே நூல் தருகிறது. பழைமை எதையும் நியாயப்படுத்திவிடாது என்பது உண்மை. ஆனால் வழக்கமாக இருந்த ஒன்று குற்றமாக மாற்றப்பட்டதற்கு ஒரு தேதி உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது.

அந்தத் தேதியைக் காந்தியத்தில் தேடுவோர் ஏமாறுவர். 1878ஆம் ஆண்டின் பம்பாய் ஆப்காரிச் சட்டம் வீட்டிலும் ஊரிலும் நடந்த தயாரிப்பை ஒடுக்கி, உரிமம்பெற்ற வடிசாலைகளுக்கு வழிவிட்டது. நோக்கம் ஒழுக்கம் அன்று, வருவாய். டேவிட் ஹார்டிமன் 1985இல் சபால்டர்ன் ஸ்டடீஸ் நான்காம் தொகுதியில் தெற்கு குஜராத்தை முன்வைத்து இந்த மாற்றத்தை விரிவாக எழுதியுள்ளார். 1892இல் தாணே, கொலாபா மாவட்டங்களுக்கென இலுப்பைப் பூச் சட்டம் ஒன்றே இயற்றப்பட்டது. காட்டில் உதிரும் பூவைச் சேமித்து வைப்பதே குற்றமாயிற்று. அந்தப் பூ பழங்குடியினரின் பஞ்சகால உணவும்கூட. மகாராஷ்டிர அரசு 2021இல்தான் இலுப்பைப் பூச் சேகரிப்பின் மீதான கட்டுப்பாடுகளை விலக்கியது. மூலப்பொருளைக் குற்றவாளியாக்கும் சிந்தனை காலனிய வருவாய்த் துறையின் பிள்ளை. சுதந்திர இந்தியா அதற்குக் கதராடை உடுத்தியது, அவ்வளவே.

இனி, அரசின் சொந்தக் கிடங்கைப் பார்க்கலாம். 2007இல் மகாராஷ்டிர அரசு, தானியத்திலிருந்து மதுசாரம் வடிக்கும் ஆலைகளுக்கு ஊக்கத்தொகை அறிவித்தது. மருத்துவர் அபய் பங் உள்ளிட்டோர் அதை எதிர்த்தனர். 2020 ஏப்ரல் 20 அன்று, ஊரடங்கின் உச்சத்தில், இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசியை எத்தனாலாக மாற்ற ஒன்றிய அரசின் உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழு ஒப்புதல் அளித்தது. கைச்சுத்திகரிப்பானுக்கும் பெட்ரோலில் கலக்கவும். அதே வாரங்களில் தாராவி தடுப்பு வேலிகளுக்குள் அடைபட்டு, உணவுப் பொட்டலங்களை எதிர்பார்த்திருந்தது. தானியத்தை மதுசாரமாக்குவது தன்னளவில் பாவம் என்றால், அந்தப் பாவத்தின் மிகப் பெரிய மூட்டைகள் அரசின் கிடங்கிலிருந்தே புறப்படுகின்றன. பாவம் இல்லை என்றால், 25 கிலோ வைத்திருப்பவர் மட்டும் ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்?

எதிர்வாதங்களில் இரண்டு பொருட்படுத்தத்தக்கவை. முதலாவது, பெண்களின் வாதம். குடியின் அடி விழுவது அவர்கள் முதுகில். சம்பளம் கரைவது அவர்கள் அடுப்பில். இதை மறுப்பவர் தாராவியைப் பார்த்ததில்லை. ஆனால் மகாராஷ்டிரப் பெண்கள் இதற்காகப் போராடிப் பெற்ற கருவி எது? நிற்கும் புட்டியா, படுத்த புட்டியா என்று வாக்களித்துத் தம் பகுதியின் மதுக்கடையை மூடவைக்கும் உரிமை. அது விற்பனையை நோக்கிய கருவி. யார் விற்கிறார்கள், எங்கே விற்கிறார்கள், யாருக்கு இலாபம் என்று கேட்கும் அரசியல் அது. வீட்டின் தானியப் பாத்திரத்தைச் சோதனையிடும் அதிகாரத்தை அது கேட்கவில்லை. அத்தகைய சோதனையில் அவமானப்படுவோரிலும் பாதிப் பேர் பெண்களே.

இரண்டாவது, பொதுநலவாழ்வு வாதம். 2015 ஜூனில் மாலவணியில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கொன்றது மெத்தனால், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான இரசாயனம், சாராயம் என்ற பெயரில் விற்கப்பட்டது. தானியத்தைப் புளிக்கவைத்து, வடிக்காமல் அருந்தும் பானத்தில் அந்த அளவு மெத்தனால் உருவாக வழியே இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குப் புளித்த பானையும் வாலைப் பானையும் நச்சு இரசாயன பீப்பாயும் ஒரே தரப்பில் நிற்கின்றன. இவற்றை வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாத காவல், கொல்வதைக் கண்டுபிடிக்கும் திறனையும் இழக்கிறது.

வேறுபடுத்துவது இயலாத காரியமும் இல்லை. பிரிட்டன் 1963இல் வீட்டுப் பீருக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்கா 1978இல் கூட்டாட்சி வரிச்சட்டத்தைத் திருத்தி, வயதுவந்த இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை, விற்பனைக்கு இல்லாமல், பீர் தயாரிக்க வழிசெய்தது. வடித்தல் இரண்டு நாடுகளிலும் உரிமமின்றிக் குற்றமாகவே நீடிக்கிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். அசாம் போன்ற மாநிலங்களில் பழங்குடியினர் வீட்டுத் தேவைக்கு அரிசி பீர் தயாரிக்க விலக்கு உண்டு. மகாராஷ்டிரத்திலேயே, மால்ட் மூட்டைகளை அடுக்கிவைத்துப் பீர் காய்ச்சி அங்கேயே விற்கும் உணவகங்களுக்கு உரிமம் உண்டு. புனேவில் டூலாலி திறந்தது 2009இல். முதலீடு உள்ளவர்களுக்குச் சட்டம் ஏற்கெனவே வளைந்துகொடுத்திருக்கிறது. இல்லாதவர்களிடம்தான் அது இன்னும் 1949ஆம் ஆண்டிலேயே நிற்கிறது.

இங்கே கல்விப்புலத்தின் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கைவினைப் பீர் குறித்த கருத்தரங்கு ஒரு துறையில், கள்ளச்சாராயம் குறித்த கள ஆய்வு வேறொரு துறையில். முன்னது ‘பண்பாடு’, பின்னது ‘விளிம்புநிலைக் குற்றம்’. ஒரே தானியமும் ஒரே ஈஸ்ட்டும் இரண்டு துறைகளின் சொற்களால் இரண்டு பொருள்களாகின்றன. காவல் அதிகாரியின் ஊகத்துக்கும் ஆய்வாளரின் வகைப்பாட்டுக்கும் இடையே உள்ள தூரம், கல்விப்புலம் நினைப்பதைவிடக் குறைவு.

கோரிக்கை எளியது. 13ஆம் பிரிவிலிருந்து தானியமும் சமையல் பாத்திரமும் நீங்க வேண்டும். 103ஆம் பிரிவின் அனுமானம் வாலைக்கருவிக்கும் தொழிற்சாலை மதுசாரத்துக்கும் மட்டும் என்று சுருங்க வேண்டும். விற்காமல், வடிக்காமல், வீட்டுத் தேவைக்குப் புளிக்கவைப்பதற்கு ஆண்டு அளவு ஒன்று விதிக்கப்பட வேண்டும். அந்த அளவு ஆறாம் மாடிக்கும் இரும்பு ஏணி வீட்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இதனால் தாராவியில் நாளையே எவரும் வாற்கோதுமை மூட்டை வாங்கப் போவதில்லை. ஆனால் ஓர் அறையில் தானியம் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை அந்த அறையில் வாழ்பவருக்கு இல்லை என்றாகும். சந்தேகத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியவர் கதவைத் தட்டுபவர்.